சதசத்தும் மூன்றாம் மதிப்பும்

ஒரு கூற்று மெய்யாதல் வேண்டும். அன்றேற் பொய்யாதல் வேண்டும். மூன்றாவதொரு நிலை இல்லையென்பது மேனாட்டு அளவை நூலார் நெடுங்காலம் போற்றிய விதி. ஆயினும், ‘நாளை ஒரு கடற்போர் நிகழும்’ என்னுங் கூற்று இன்றே மெய்யோ பொய்யோ என அரித்தோட்டிலே வினாவினார். அவ்வினாவைப் பற்றிச் சென்ற போலந்து நாட்டறிஞர் லூக்காசியேவிச்சு, ‘இன்னும் துணியப்படாதது’ என்னும் மூன்றாம் மதிப்பை வைத்து 1920இல் மும்மதிப்பு அளவையை வகுத்தார்.

பாரத நாட்டில் இத்தகைய வினா சமயவாதக் களத்தில் எழுந்தது. சமணர் உண்டு, இல்லை, அவத்தவ்வியம் என்னும் மூன்றையும் தனித்தும் புணர்த்தும் ஏழு பங்கிகளாக்கினர். குடம் குடமென்னும் நோக்கால் உண்டு. ஆடையென்னும் நோக்கால் இல்லை. இரண்டையும் ஒருங்கே கூறப்புகிற் சொல் அமையாது. அச்சொல்லொணாமையே அவத்தவ்வியம். ‘சியாத்’ என்பதை ‘ஒருவேளை’ எனப் பெயர்ப்பாரும் உளர். அது பொருந்தாது, ‘ஒரு நோக்கால்’ என்பதே அதன் கருத்து. 1954இல் மகலனோபிசும் 1957இல் ஹால்டேனும் சியாத்வாதத்தை ஆராய்ந்து எழுதியபின், பன்மதிப்பு அளவையைச் சமணர் முன்னரே கண்டனர் எனப் பெருமை பேசுதல் எளிதாயிற்று.

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திலே நிகண்டவாதியை மறுக்கின்றார். ஒன்றே உள்ளதும் இல்லதுமாதல் கூடாதென்பது அவர் துணிபு. அந்நூலின் சுபக்கத்துக்கு உரைகண்டோருள் ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர். ஆதலின் இவ்வாராய்ச்சி இம்மண்ணுக்குப் புதியதன்று. ஆனாற் சித்தாந்தம் உயிரைச் ‘சதசத்து’ என்கின்றதே! நிகண்டவாதியை மறுத்த வாயால் அவ்வாறு கூறுதல் முரணாகாதோ?

ஆகாது. ஈண்டுச் சத்து இறைவன், அசத்துப் பாசம். உயிர் இரண்டுமன்றிச் சார்ந்ததன் வண்ணமாவது. படிகம் செம்மலரைச் சாரின் செம்மையும் நீலமலரைச் சாரின் நீலமும் காட்டும். அதனால் படிகம் உண்டென்பதிலே ஐயம் பிறவாது. சதசத்து என்பது பொருளின் வகை, கூற்றின் மதிப்பன்று. ‘உயிர் சதசத்து’ என்னுங் கூற்றுச் சித்தாந்திக்கு முழு மெய்யே. மூன்றாம் பொருளை ஒப்புதல் வேறு, மூன்றாம் மதிப்பை ஒப்புதல் வேறு.

இவ்வேறுபாட்டைச் சமணர்பாலும் வைத்து நோக்குக. நோக்கு இன்னதெனக் குறித்தவுடன் உண்டென்பதும் மெய், இல்லையென்பதும் மெய். அங்கே பழைய விதி சிறிதும் அசையவில்லை. அவத்தவ்வியம் ஒன்றே அவ்விதியின் எல்லையைத் தொடுகின்றது. அதுவும் லூக்காசியேவிச்சின் மூன்றாம் மதிப்போடு ஒன்றன்று. அவருடையது காலத்தாற் பிறந்தது, சமணருடையது சொல்லின் ஆற்றற் குறைவாற் பிறந்தது. நாளை விடிந்தால் கடற்போரைப் பற்றிய ஐயம் தீர்ந்துவிடும்; அவத்தவ்வியம் மறுநாளும் அவத்தவ்வியமே.