வைத்தியர் இட்ட கையொப்பம்

சட்டம் நிறைவேறினால் அதன் பயன் தானாகவே மக்களைச் சென்றடையும் என நாம் எண்ணுவதுண்டு. பிரித்தானியாவின் தேசிய காப்புறுதிச் சட்டத்தின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகின்றது.

1911ஆம் ஆண்டில் நிதியமைச்சர் லோயிட் ஜோர்ஜ் அச்சட்டத்தைக் கொணர்ந்தார். வாரந்தோறும் தொழிலாளி 4 பென்சும், முதலாளி 3 பென்சும், அரசு 2 பென்சும் செலுத்துதல் வேண்டும். 1912 யூலையில் பணம் சேரத் தொடங்கிற்று. 1913 ஜனவரியில் வைத்திய உதவி தொடங்குதல் வேண்டும். ஆனால், பிரித்தானிய வைத்தியர் சங்கம் ஒத்துழைக்க மறுத்தது.

இம்மறுப்பு வெறும் பொருளாசையால் எழுந்ததன்று. அதுவரை தொழிலாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்கள் வைத்தியர்களைச் சொற்ப ஊதியத்துக்கு அமர்த்தி ஆட்டிவைத்தன. அந்நிலை அரசின் பெயரால் நிலைத்துவிடுமோ என அவர்கள் அஞ்சினர். ஆகவே, வைத்திய நிர்வாகம் அச்சங்கங்களிடமிருந்து நீக்கப்பெற்று, உள்ளூர்க் காப்புறுதிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நோயாளி தன் வைத்தியரைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையும் பெற்றான். 1912இன் இறுதியில், மருந்துச் செலவு உட்பட, தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 9 ஷில்லிங் தருவதாக அரசு இசைந்தது.

அவ்வாண்டு டிசம்பரிலும் சங்கம் மறுத்தே வாக்களித்தது. ஆயினும், தொழிற்பகுதிகளில் எளிய வருவாயுடன் உழன்ற வைத்தியர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒப்பமிட்டனர். சில வாரங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர, எதிர்ப்புத் தளர்ந்தது.

குறையும் இருந்தது. தொழிலாளியின் மனைவி மக்களுக்கு இவ்வைத்திய உதவி கிட்டவில்லை; அவர்கள் 1948 வரை காத்திருந்தனர்.

ஏட்டிலுள்ள சட்டம் நோயாளியின் கட்டிலருகே வருவதற்கு வைத்தியரின் கையொப்பம் வேண்டும். அதனைப் பெற்றுத்தந்தவை நியாயமான ஊதியமும் தொழிலுக்கு அளித்த மதிப்புமேயாம்.