சக்கரக் கணக்கும் வழிகாட்டிக் குறியும்: இடமறியும் எந்திரன்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எந்திரனியலின் வரலாறு பெரும்பாலும் செயற்கை அறிவின் வளர்ச்சி வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆயின் நகரும் எந்திரனின் முதற்சிக்கல், தான் நிற்கும் இடத்தை அறிவதாகும். சக்கரச் சுழற்சியை எண்ணி இடமறியும் ஓடோமெட்ரி முறையும், பீக்கன் எனப்படும் வழிகாட்டிக் குறிகளை நோக்கி இடமறியும் முறையும் எளிய எந்திரன்களில் ஒன்றிணைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எந்திரன், ஓடோமெட்ரி, வழிகாட்டிக் குறி, இடமறிதல், அளவைப் பிழை.

முன்னுரை

வீட்டுப் பட்டறையில் சிறு எந்திரன் ஒன்றை உருவாக்குவோர் அதனை ஓடச் செய்வதில் விரைவில் வெற்றி பெறுகின்றனர். புறப்பட்ட இடத்திற்கே அதனைத் திரும்பி வரச் செய்வதுதான் கடினமாகிறது. இக்கடினம் மலிவான உதிரிப்பாகங்களால் மட்டும் விளைவதன்று. அளவை முறையின் இயல்பிலேயே அது உள்ளது. இம்முறைகளின் வரலாறு அதனைத் தெளிவுபடுத்தும்.

1. எண்ணி அறியும் மரபு

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தம் கட்டடக்கலை நூலின் பத்தாம் பகுதியில் தொலைவளக்கும் வண்டி ஒன்றை விளக்குகிறார். அதன் சக்கரம் ஒரு முறை சுழன்றால் 12.5 அடி; 400 முறை சுழன்றால் 5000 அடி, அதாவது ஓர் உரோம மைல். ஒவ்வொரு மைலின் முடிவிலும் பற்சக்கரங்களின் இயக்கத்தால் ஒரு கல் வெண்கலக் கலத்தில் ஒலியுடன் விழும்.

இவ்வண்டி திசையைக் கணக்கிட வேண்டியதில்லை. சாலையே திசையைத் தந்தது. சாலையில்லாத தரையில் ஓடும் எந்திரனோ இடச்சக்கரம், வலச்சக்கரம் ஆகியவற்றின் சுழற்சி வேறுபாட்டிலிருந்து திசையையும் கணக்கிட வேண்டியுள்ளது. சக்கரங்களுக்கிடையே 30 செ.மீ. இடைவெளி கொண்ட எந்திரன் ஒன்றில் ஒரு சக்கரம் மற்றதைவிட 0.5 விழுக்காடு பெரியது எனக் கொள்வோம். நேராகச் செல்வதாகக் கருதி அது 10 மீட்டர் ஓடினால், இரு சக்கரங்களும் கடந்த தொலைவுகள் 5 செ.மீ. வேறுபடும், திசை ஏறத்தாழ 9.5 பாகை திரும்பும்; எந்திரன் 80 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் விலகியிருக்கும். சிறு பிழை திசைப்பிழையாகி, ஓடும் தொலைவு கூடுந்தோறும் இடப்பிழையாகப் பெருகுகிறது.

2. நோக்கி அறியும் மரபு

இரண்டாம் மரபு நில அளவையைச் சார்ந்தது. இடம் தெரிந்த மூன்று புள்ளிகளுக்கிடையே உள்ள கோணங்களை அளந்து, அளப்பவர் நிற்கும் இடத்தைக் காணும் கணக்கிற்கு டச்சு அறிஞர் ஸ்நெல்லியஸ் 1617இல் தீர்வு கண்டார். மூன்று வழிகாட்டிக் குறிகளைச் சுழலும் உணரியால் நோக்கும் எந்திரன் செய்வதும் இக்கணக்கே. இங்குப் பிழை ஓடிய தொலைவோடு பெருகுவதில்லை. ஒவ்வொரு நோக்கும் புதியதாகும். எனினும் இம்முறைக்கும் குறையுண்டு. குறி மறைக்கப்பட்டால் கணக்கு நின்றுவிடும். மூன்று குறிகளின் வழியே செல்லும் வட்டத்தின் மீதே எந்திரன் நின்றால், கோணங்களைக் கொண்டு இடத்தை உறுதிசெய்ய இயலாது.

3. ஆமைகளும் ஷேக்கியும்

பிரிஸ்டல் நகரின் பர்டன் நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் கிரே வால்டர், 1948, 1949ஆம் ஆண்டுகளில் எல்மர், எல்சி என்னும் எந்திர ஆமைகளை உருவாக்கினார். இரண்டு வெற்றிடக் குழல்கள், ஓர் ஒளியுணரி, ஒரு தொடுவுணரி ஆகியவையே அவற்றின் புலனும் மூளையும். மின்கலம் தளரும்போது அவை கூட்டில் எரியும் விளக்கை நாடிச் சென்றன. விளக்கு இங்கு வழிகாட்டிக் குறியாகிறது. ஆயினும் ஆமை திசையை அறிந்ததேயன்றி இடத்தை அறியவில்லை. கடந்த தொலைவை எண்ணவும் இல்லை.

1966 முதல் 1972 வரை கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் உருவான ஷேக்கி, சக்கர இயக்கத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிட்டது. அக்கணக்கின் ஐயப்பாடு பெருகும்போது, அறிந்த ஓர் அடையாளத்தைப் படக்கருவியால் நோக்கிக் கணக்கைத் திருத்திக்கொண்டது. அறிவுடைய எந்திரனாகப் போற்றப்பட்ட ஷேக்கியின் திட்டமிடும் திறன் இத்திருத்தத்தைச் சார்ந்தே நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

4. இணைப்பும் எளியோர் கைவினையும்

இரண்டு சான்றுகள் முரண்படும்போது எதனை எவ்வளவு நம்புவது? 1960இல் ருடால்ப் கால்மன் வெளியிட்ட வடிகட்டிக் கோட்பாடு, ஒவ்வொன்றின் ஐயப்பாட்டிற்கேற்ப எடையிட்டு இணைக்கும் வழியைத் தந்தது. ஜான் லெனார்டு, ஹியூ டுரான்ட்-வைட் ஆகியோர் 1991இல் இதன் விரிவாக்கத்தை வழிகாட்டிக் குறிகளால் எந்திரன் இடமறியும் சிக்கலுக்குப் பயன்படுத்தினர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போரன்ஸ்டைன், ஃபெங் ஆகியோர் 1994இல் முன்வைத்த சோதனை எவரும் செய்யக்கூடியது: எந்திரனை 4 மீட்டர்ப் பக்கமுள்ள சதுரப் பாதையில் இரு திசைகளிலும் ஓடவிட வேண்டும். ஒரே திசையில் மட்டும் ஓடவிட்டால் சக்கர அளவின் பிழையும் சக்கர இடைவெளியின் பிழையும் ஒன்றையொன்று மறைத்து, பிழையற்ற தோற்றத்தைத் தரக்கூடும்.

மாணவரும் ஆர்வலரும் தாமே உருவாக்கிய எந்திரன்களுடன் பங்கேற்கும் யூரோபாட் போட்டி 1998 முதல் நடைபெறுகிறது. அதன் ஆடுமேசையின் ஓரங்களில் வழிகாட்டிக் குறிகளை நிறுத்தத் தாங்கிகள் உண்டு. எதிரணியின் எந்திரன் மோதிச் சக்கரம் வழுக்கினால் சக்கரக் கணக்கு பொய்க்கும். அப்போது புறக்குறியே எந்திரனை மீட்கிறது.

முடிவுரை

சக்கரக் கணக்கு கருதலைப் போன்றது. வழிகாட்டிக் குறி காட்சியைப் போன்றது. முன்னது இடையறாது கிடைத்தாலும் நாளடைவில் திரியும். பின்னது விட்டுவிட்டுக் கிடைத்தாலும் திரிபைத் திருத்தும். நுட்பமான சக்கரம் பிழையின் வளர்ச்சியைத் தாழ்த்துமேயன்றி நிறுத்தாது. ஆகவே புறச்சான்று என்பது மலிவான எந்திரனுக்கு மட்டும் உரிய ஊன்றுகோல் அன்று. கைவினை எந்திரன்கள் எந்திரனியல் வரலாற்றின் அடிக்குறிப்புகளும் அல்ல. விலையுயர்ந்த கருவிகள் மறைத்துவிடும் பிழையை அவை விரைவில் வெளிக்காட்டுவதால், அளவையின் வரலாற்றிற்கு அவை முதன்மைச் சான்றுகளாகின்றன.