ஜெப்பர்டைஸ்: பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் சொல்

இந்த முறை ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஜெப்பர்டைஸ் என்றால் ஒன்றை ஆபத்துக்கு உள்ளாக்குவது. டிக்டேஷன் போட்டால் பாதி வகுப்பு நடுவில் வரும் 'ஓ' எழுத்தை விட்டுவிடும். வாயில் வராத அந்த 'ஓ'தான் இந்தச் சொல்லின் பிறந்த ஊரைக் காட்டிக் கொடுக்கிறது.

பழைய பிரெஞ்சில் 'ஜெ பார்த்தி' என்பார்கள். ஜெ என்றால் ஆட்டம், பார்த்தி என்றால் பங்கிட்டது. இரண்டு பக்கத்துக்கும் சம வாய்ப்புள்ள ஆட்டம் என்று பொருள். இதே பெயரில் அங்கே கவிஞர்கள் பாட்டிலேயே வாதம் செய்தார்கள். ஒருவர் இரண்டு கட்சிகளை முன்வைப்பார். எதிராளி ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றதை இவர் பேசியாக வேண்டும். நம்மூர்ப் பட்டிமன்றம் போலத்தான்!

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் அங்கே போயின. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் சதுரங்கப் புதிர்களைக் குறிக்க இதைக் கையாண்டிருக்கிறார். முடிவு தெரியாத ஆட்டத்தில் கையில் இருப்பது போய்விடலாம் அல்லவா? அப்படித்தான் ஆட்டம் ஆபத்தானது.

முதலில் வினைச்சொல் 'ஜெப்பர்ட்' மட்டுமே. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் அதுதான் இருக்கிறது. 1828இல் அமெரிக்க அகராதி போட்ட நோவா வெப்ஸ்டர், ஜெப்பர்ட் இருக்கும்போது ஜெப்பர்டைஸ் எதற்கு, தேவையில்லாத சொல் என்று எழுதிவைத்தார். தேவையில்லாதது நிலைத்துவிட்டது, மற்றதை இன்று யாரும் சொல்வதில்லை. அகராதிக்காரர் பேச்சை மொழி எப்போது கேட்டது?

காரைக்காலை 1739இல் பெற்று, இடையில் சில காலம் ஆங்கிலேயரிடம் இழந்து மீட்டு, 1954 வரை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. 'மெத்ர் ஆன் பெரில்' என்று வேறு மாதிரிச் சொல்வார்கள். பிள்ளை தாய்வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

நம்மிடம் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு: பணயம். அதுவும் சூதாட்டச் சொல்தான். தருமர் தம்பிகளை வைத்தாரே, அந்தப் பணயம். இன்று "உயிரைப் பணயம் வைத்து" என்கிறோம்.

ஆனால் ஒரு வித்தியாசம். கிளிஞ்சல்மேட்டில் இருக்கும் நமக்கு அது முக்கியம். "மீனவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குச் செல்கிறார்கள்" என்று பத்திரிகைகள் எழுதும்போது, வைப்பவனும் மீனவன், இழப்பவனும் மீனவன். ஏதோ அவனாக விரும்பி ஆட உட்கார்ந்தது போல. ஜெப்பர்டைஸ் அப்படி அல்ல. அதற்கு எதுவும் எழுவாயாக வரலாம்: ஒரு ஒப்பந்தம், ஒரு துப்பாக்கி, ஒரு வலை. ஒருவர் செய்கையால் இன்னொருவருடைய உயிரோ பிழைப்போ ஆபத்துக்குப் போவதை அது சுருக்கமாகச் சொல்லிவிடும்.

1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோடு போட்டன. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகில் 13 பேர் இருந்தபோது இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் காயமடைந்தார்கள். அவர்களாக வைத்த பணயம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே வினைச்சொல் நம் பக்கமும் திரும்பும். இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போகிறது என்று யாழ்ப்பாணத்து மீனவர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. போரில் எல்லாம் இழந்து மறுபடி கடலுக்கு வந்தவர்கள் அவர்கள், நம் மொழிக்காரர்கள். அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் அவர்களுடைய பிழைப்பு. எழுவாய் நம் மடிகள்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. இந்தச் சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் கீழே எழுதுங்கள். எழுவாய் யார் என்று பார்த்துத்தான் மார்க் போடுவேன். 'ஓ'வை விட்டால் அரை மார்க் குறையும்.