தொலைபேசிக் கம்பி இணையமும் வானொலி இடையூறும்

தொலைபேசிக்கென இழுத்த செம்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் முறையில் இணையம் வரும்போது, வானொலி அலைகள் அதே கம்பியில் புகுந்து இரைச்சலாவதே வானொலி இடையூறு. மலேசிய வீடுகளுக்கு இந்த இணையத்தை 2001-இல் கொண்டுவந்தது டெலிகோம் மலேசியாவின் ஸ்ட்ரீமிக்ஸ். பேச்சுக்கு நான்கு கிலோஹெர்ட்ஸ் போதும். 1999-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரமோ தரவிறக்கத்துக்கு 138 முதல் 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொண்டது. மத்திய அலை வானொலி 526.5-இலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே மோதல் விபத்தன்று, வரைபடத்திலேயே இருந்தது. தரத்தை வகுத்தவர்களும் இதை அறிந்தே அலைப்பட்டையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 துண்டுகளாக வெட்டினார்கள். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் 167-ஆவது துண்டில் விழும். அந்த நிலையத்துக்கு அருகிலுள்ள வீட்டு மோடம் அந்தத் துண்டிலும் அண்டையிலும் சுமையைக் குறைத்து, மற்றவற்றில் வேலையைத் தொடரும்.

அப்படியானால் சில வீடுகளில் மட்டும் இணைப்பு ஏன் அறுந்தது? குற்றவாளி வானொலி நிலையம் அன்று, கம்பியின் கடைசிச் சில மீட்டர்களே என்பதுதான் சான்றுகள் காட்டும் விடை. 1881-இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற முறுக்கிய இணைக்கம்பியில் இரு கம்பிகளும் இரைச்சலை ஏறத்தாழ ஒரே அளவில் வாங்குவதால் அது தானே கழிந்துபோகும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் முறுக்கில்லாத தட்டைக் கம்பி, பச்சை பூத்த இணைப்புகள், அறைக்கு அறை இழுத்த கிளைக் கம்பிகள் ஆகியவை அந்தச் சமநிலையைக் கெடுத்து ஏரியலாக மாறிவிடுகின்றன. தூரமும் சேர்ந்துகொள்ளும். நகரையொட்டிய தாமானில் தாங்கக்கூடிய இரைச்சல், தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள தோட்டத்து லயத்தில் மெலிந்துபோன சமிக்ஞையை விழுங்கிவிடும்.

இரவில்தான் தொல்லை அதிகம், எனவே அது நெரிசல் என்பார் உண்டு. நெரிசல் வேகத்தைக் குறைக்கும். மோடத்தின் டிஎஸ்எல் விளக்கை அணைக்காது. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் பழுது கம்பியில். மேலும், பகலில் மத்திய அலையை உறிஞ்சும் அயனி அடுக்கு இருட்டியதும் கலைந்துவிடுவதால் தொலைதூர நிலையங்களும் வந்து சேர்கின்றன. இடியும் மின்னலும் மிகுந்த மலேசியாவில் நொடிப்பொழுது இரைச்சல் வேறு. அதற்கு வானொலியைப் பழிப்பது நியாயமில்லை. வீட்டுக் கருவிகளும் இரைச்சல் எழுப்பும்: வேல்ஸின் அபெர்ஹோசன் கிராமத்தில் 18 மாதம் தினமும் காலை ஏழு மணிக்கு இணையத்தைக் கெடுத்தது ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி என 2020-இல் தெரியவந்தது.

2010 மார்ச்சில் வந்த டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை சேவை ஒளியிழையை வீடுவரை கொண்டுசென்றது. கண்ணாடி இழையில் வானொலி ஏறாது. ஆனால் பல அடுக்குமாடிகளில் ஒளியிழை கீழ்த்தளத்தோடு நின்று, அங்கிருந்து பழைய செம்பில் விடிஎஸ்எல்2 என்னும் முறையில் இணையம் ஏறியது. அது 17 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது சிற்றலைக்குள்ளும், செல்வது. கம்பியே அலைகளைக் கசியவிட்டு அமெச்சூர் வானொலியைக் கெடுக்காதிருக்க, அதற்குரிய பட்டைகளில் ஆற்றலைத் தாழ்த்தும் வசதியைத் தரத்திலேயே வைக்க வேண்டியதாயிற்று.