காட்சியும் ஷொட்டும்

சினிமா பற்றி எழுதத் தொடங்கிய காலத்தில் என்னை இடறிய சொல் 'காட்சி'. நாடகத்திலிருந்து வந்த அச்சொல்லையே 'சீன்', 'ஷொட்' இரண்டுக்கும் எழுதினேன். கமரா ஓடத் தொடங்கி நிற்கும்வரை பதிவாவது ஷொட். ஓரிடத்தில், ஒரு பொழுதில் நிகழ்வதைக் காட்டும் ஷொட்களின் தொகுதியே சீன்.

இக்குழப்பம் வியப்புக்குரியதல்ல. எஸ். எம். நாயகம் தயாரித்து 1947இல் வெளியான முதலாவது சிங்களப் பேசும்படம் 'கடவுணு பொறொந்துவ' மேடை நாடகமொன்றின் திரைவடிவம். உருவானதோ தென்னிந்திய ஸ்ரூடியோவில். 1956இல் 'ரேகாவ'வுக்காக லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் கமராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டு சென்றனர். அவ்விருவரையும் புகழ்ந்து எழுதினேன். படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவின் பெயரை விட்டுவிட்டேன். ஷொட் எதுவென்று அறியாதவனுக்கு, ஒன்றை வெட்டி மற்றொன்றுடன் ஒட்டியவரின் உழைப்பு எப்படித் தெரியும்?