வாஞ்சி மணியாச்சி சந்திப்பு

வாஞ்சி மணியாச்சி சந்திப்பு, தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ள ரயில் நிலையம். மதுரையிலிருந்து தெற்கே வரும் பாதை இங்குதான் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்குமாகப் பிரிகிறது. ஊர் சிறியது. ஆனால் இந்தப் பிரிவு அதை நாட்டு வரலாற்றில் ஏற்றிவிட்டது.

1876இல் தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர் கேஜ் பாதைக்குத் தூத்துக்குடித் துறைமுகமே இலக்கு. மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்குக் கிளைப்பாதைதான் கிடைத்தது. கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறினர். அந்தக் கடல்வழியில்தான் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி வெள்ளையர் கம்பெனியோடு மோதியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், கம்பெனி நசிந்தது. அந்த அடக்குமுறைக்கு முக்கியக் காரணமாகச் சுதேசி இயக்கத்தினர் கருதிய அதிகாரி ஆஷ், பின்னர் திருநெல்வேலி கலெக்டரானார்.

1911 ஜூன் 17. ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்தார். கிளைப்பாதையில் வந்த அவர்களது முதல் வகுப்புப் பெட்டி, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய மெயிலுக்காக மணியாச்சியில் நின்றது. சந்திப்பு நிலையத்தில் கலெக்டரும் காத்திருக்கத்தான் வேண்டும். காலை பத்தரை மணியைத் தாண்டியபோது, செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி பிரவுனிங் கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கழிவறைக்குள் புகுந்தவர், தம் வாயில் சுட்டுக்கொண்டு உயிர்விட்டார். அப்போது அவருக்கு வயது 25. புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். சட்டைப் பையில் இருந்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டைக் கண்டித்தது. லண்டனில் அந்த விழாவுக்கு ஐந்தே நாள்கள் இருந்தன. தொடர்ந்து நடந்த சதி வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி முதல் குற்றவாளியாக்கப்பட்டார்.

வாஞ்சியின் பெயர் நிலையத்துக்குச் சூட்டப்பட்டது சுதந்திரத்துக்குப் பின்னரே. சுட்ட இடத்துக்கே அவர் பெயர் வந்தது மிகப் பொருத்தம்.

அந்த ஒரு காலைப் பொழுதோடு மணியாச்சியின் கதையை முடித்துவிடுவது முறையல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகளின் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது. 1981இல் திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை வந்ததும் பழைய கிளைப்பாதை குமரி வரை செல்லும் பெருவழியாயிற்று. பிற்பாடு அகலப்பாதையும் வந்தது. இன்று முத்துநகர் எக்ஸ்பிரஸ் மணியாச்சியில் தூத்துக்குடிப் பாதைக்குத் திரும்புகிறது. நெல்லை, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்கள் அன்றைய கிளைப்பாதையில் செல்கின்றன.