டெம்பிள்-நுஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில்

ஐந்து பெயர்கள் கோத்த ஆங்கிலேயப் பிரபுக் குடும்பப் பெயர். 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த மூன்றாம் பக்கிங்காம் கோமகன் ரிச்சர்டு (1823–1889) இப்பெயரைத் தாங்கியவர். வடக்கிலிருந்து வந்து மரக்காணம் உப்பளப் பகுதியில் முடியும் பக்கிங்காம் கால்வாய்க்கு அவருடைய பட்டமே பெயராயிற்று.

தோற்றம்

வாரிசுப் பெண்ணின் சொத்து கணவன் வீட்டுக்கு வந்தால், அவள் பிறந்த வீட்டின் பெயரும் கூடவே வருவது இங்கிலாந்துப் பிரபுக்களிடம் இருந்த வழக்கம். வோட்டன் ஊர் ரிச்சர்டு கிரென்வில், ஸ்டோ மாளிகையின் ஹெஸ்டர் டெம்பிளை மணந்தார். இவர்கள் மகன் ஜார்ஜ் கிரென்வில் பிரிட்டிஷ் பிரதமராகி, 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் எதிர்த்த முத்திரைத்தாள் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரதமரின் மகன் 1775இல் மேரி நுஜென்டை மணந்தார். 1779இல் நுஜென்ட், டெம்பிள் என்ற பெயர்களைச் சேர்த்துக்கொண்டார். பேரன் 1796இல் சாண்டோஸ் கோமகனின் மகள் ஆன் பிரிட்ஜஸை மணக்க, 1799இல் பிரிட்ஜஸ், சாண்டோஸ் என்ற பெயர்களும் சேர்ந்தன. 1822இல் பக்கிங்காம் கோமகன் பட்டமும் கிடைத்தது. இரண்டாம் கோமகன் கடனில் மூழ்கியதால் 1848இல் ஸ்டோ மாளிகைப் பொருள்கள் நாற்பது நாள் ஏலம் போயின.

சென்னை மாகாணத்தில்

மூன்றாம் கோமகன் ஆளுநராக இருந்த காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் (1876–78) வந்தது. 1877 தொடக்கத்தில், மத்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது.

1806இல் சென்னை–எண்ணூர் இடையே தொடங்கிய கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877–78இல் பஞ்ச நிவாரணக் கூலிகளே வெட்டினர். 1878இல் கால்வாய்க்கு ஆளுநரின் பட்டம் சூட்டப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளம். உப்பும் விறகும் நெல்லும் இதில் படகேறிச் சென்றன.

முடிவு

மூன்றாம் கோமகனுக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. 1889இல் அவர் இறந்ததும் கோமகன் பட்டம் அற்றுப்போயிற்று. கால்வாய் 2008இல் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு பிரபுக் குடும்பத்தின் ஒவ்வொரு மணவினையையும் காத்துவைத்த வரலாறு, பசியோடு மண் சுமந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை. பக்கிங்காம் கால்வாய் என்று எழுதும் இடத்திலெல்லாம் தாது வருஷத்துக் கூலிகளின் உழைப்பையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.